கல்தடுப்பு முனையில் பிடித்த ஆறு நண்டுகள்

ஐலி ரௌட்டியோ முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். கடைசிப் பிள்ளை இறங்கிய பிறகும் பின்வரிசை வரை நடந்துபோய், ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியைப் பூட்டுவாள். எந்தப் பிள்ளையும் ஒரு நாளும் அங்கே தூங்கிக் கிடந்ததில்லை. அதற்காக அவள் குனியாமல் இருந்ததும் இல்லை. கார்வர் குடா என்ற அந்தக் கடலோர ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அவளுடைய அண்ணன் ரெய்னோ.

"எங்க ஐலி சவப்பெட்டியில படுக்கறதுக்கு முன்னாடிகூட, அடியில யாராவது மாட்டியிருக்காங்களான்னு குனிஞ்சு பார்த்துட்டுத்தான் படுப்பா," என்பான்.

அவள் ஓய்வுபெற்றதும் மீன்துறை அவளைத் தேடி வந்ததற்கு இந்தப் பெயர்தான் காரணம். இலையுதிர்காலத்தில் நண்டு பிடிக்கும் பருவம் தொடங்குவதற்கு முன்னால் வாராவாரம் சோதனைக்கு நண்டு பிடித்து அனுப்ப உள்ளூரில் நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும். விற்பதற்குப் பிடிக்கிற பெரிய படகுகளின் சமாச்சாரம் வேறு. இது வார விடுமுறையில் குடும்பத்தோடு வந்து, பாலத்திலிருந்து வளைய வலையை இறக்கி, ஆளுக்கு ஆறு நண்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களின் பருவம். வாஷிங்டன் மாநிலத்தின் அந்த ஓரத்தில், மர ஆலையும் மூடிவிட்ட பிறகு, கார்வர் குடாவுக்கு வெளி ஆட்கள் வருவதே அந்த ஆறு நண்டுக்காகத்தான்.

கடல் சூடாகிற சில வருஷங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி பெருகும். அதில் விஷம் இருக்கும். பாசியைச் சிப்பி தின்னும், சிப்பியை நண்டு தின்னும். நண்டுக்கு ஒன்றும் ஆகாது. விஷம் அதன் ஓட்டுக்குள் இருக்கிற மஞ்சள் கொழுப்பில் போய்த் தங்கிவிடும். அந்தக் கொழுப்பை ஊர் ஆட்கள் வெண்ணெய் என்பார்கள். ஓட்டைத் திறந்ததும் கரண்டியால் வழித்துக் கம்பு நிறத்து ரொட்டியில் தடவித் தின்பதற்கு இணையாக இன்னொன்று உண்டா என்று கேட்பார்கள். விஷத்துக்கு வாசமும் கிடையாது, ருசியும் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. இதைக் குடாவில் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒப்பிக்கும். ஒப்பிப்பது வேறு, பயப்படுவது வேறு.

ஐலிக்கு இரண்டு இடம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். ஒன்று, குடாவின் உள்ளே பழைய மீன் ஆலையின் மரத்தூண்கள். ஆற்றுத் தண்ணீர் கலக்கிற இடம், அலை கிடையாது, போனால் அரைமணி வேலை. இன்னொன்று, குடாவின் வாயில் கடலுக்குள் நீளும் கல்தடுப்பின் முனை. அங்கே வழுக்குப் பாறை மேல் கால்மைல் நடக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஆறு நண்டு. தனித்தனி ஐஸ் பெட்டி, தனித்தனிச் சீட்டு. சீட்டில் இடம், நாள், நேரம், கையெழுத்து. பருவத்தைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது கல்தடுப்பு நண்டுதான். விஷம் கடலிலிருந்து வருகிறது, முதலில் அதைத் தின்பது அங்கே இருக்கிற நண்டு. அது இரண்டு வாரம் அடுத்தடுத்துச் சுத்தமாக இருந்தால் திறப்பு. இடையில் ஒரு வாரம் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

ஐந்து வருஷம் அவள் அந்த வேலையைப் பேருந்து ஓட்டிய மாதிரியே செய்தாள்.

இனி அந்த ஊரின் வெண்ணெய் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பருவம் திறக்கிற முதல் நாள் மரப்பாலத்தில் ஊரே கூடும். ஆர்வில், மீனுக்கும் நண்டுக்கும் இரை விற்கும் தன் கடை வாசலில் பெரிய அண்டாவை ஏற்றுவான். முதலில் வெந்த நண்டின் வெண்ணெய், பாலத்தில் இருப்பவர்களிலேயே மூத்தவருக்கு. அவர் வீட்டு ஆள் ஒருவர் அதை ரொட்டியில் தடவிக் கையில் கொடுக்க, அவர் கடித்து, "சரி, தின்னுங்க," என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் ஓட்டை உடைப்பார்கள். இந்த வழக்கம் பின்லாந்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் கொண்டுவந்ததா, இங்கேயே முளைத்ததா என்று யாருக்கும் தெரியாது. ஒன்பது வருஷம் அந்த ரொட்டி ஹில்மா நியெமிக்குப் போனது. ரெய்னோ இரண்டாவது இடத்தில் உட்கார்ந்து ஒன்பது வருஷமும் அவளை வம்புக்கு இழுத்தான்.

"ஏன் ஹில்மா, உங்களுக்கு சொர்க்கத்துக்குப் போற உத்தேசமே இல்லையா?"

"அவசரம்னா நீ முன்னாடி போடா ரெய்னோ. உன் பெட்டி மேல முதல் பூ நான் வைக்கிறேன்."

ஐலி சோதனை வேலைக்கு வந்த ஆறாவது வருஷம் மார்ச் மாதம், தொண்ணூற்று நான்கு வயதில், ஹில்மா போய்ச் சேர்ந்தாள். அடக்கத்தில் ரெய்னோ குழந்தை மாதிரி அழுதான். வெளியே வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நவம்பர்ல ரொட்டி எனக்குத்தான்," என்றான். பாதிரியாரே சிரித்துவிட்டார். அவனுக்கு எழுபத்தொன்பது. சிறுநீரகம் இரண்டும் பாதி வேலைதான் செய்துகொண்டிருந்தன. கோடை முழுக்க அந்த ரொட்டியைப் பற்றியே பேசினான். ஆர்விலிடம் போய், வெட்டுகிற கத்தி கூர்மையாக இருக்கிறதா என்றுகூட விசாரித்தான்.

கடல் அந்த வருஷம்தான் சூடாக இருந்தது.

அக்டோபர் முழுக்கக் கல்தடுப்பு நண்டில் விஷம். நவம்பர் முதல் சனிக்கிழமை திறக்க வேண்டியது திறக்கவில்லை. பாலத்தின் கைப்பிடியில் சிவப்பு அறிவிப்பு தொங்கியது. விடுதிகளில் அறை எடுத்தவர்கள் ரத்து செய்தார்கள். ஆர்வில் வாங்கி வைத்த இரை உறைபெட்டியில் கிடந்தது. இரண்டாம் வாரம் சோதனை சுத்தம் என்று வந்தது, எல்லைக்கு மயிரிழை கீழே. இன்னும் ஒரு வாரம் அப்படியே வந்தால் நவம்பர் கடைசியில் வருகிற நன்றி நாள் விருந்துக்கு முந்தின சனிக்கிழமை திறந்துவிடலாம். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருந்தது.

செவ்வாய்க்கிழமை புயல் வந்தது.

ஐலி காலையில் கல்தடுப்புக்குப் போனாள். முனையின் மேல் அலை ஏறி மறுபக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. நடந்தால் திரும்ப மாட்டாள். மத்தியானம் மறுபடி போனாள். அதே கதை. இரைக்கடைக்கு வந்தபோது ஆர்வில் காப்பியை நீட்டினான்.

"கிடைச்சுதா?"

"முனைக்குப் போகவே முடியல. நாளைக்கும் இதே காத்துதானாம்."

"அப்ப?"

"அப்ப இந்த வாரம் கல்தடுப்பு நண்டு கிடைக்கலைன்னு எழுதணும். மறுபடி ஒண்ணுலேர்ந்து."

ஆர்வில் அண்டாவைப் பார்த்தான். "இந்த சனிக்கிழமை விட்டா டிசம்பர்ல எவன் வருவான் ஐலி? போன வாரம் சுத்தம். ஒரு வாரத்துல என்ன மாறிடப் போகுது? கடல் என்ன சட்டையா, நாளுக்கொண்ணு மாத்த?"

"அத நான் சொல்லக் கூடாது. அதுக்குத்தான் நண்டு."

அவன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பிற்பாடு ஊரே அவன்தான் தூண்டிவிட்டான் என்று பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவன் பங்கு அவ்வளவுதான். உண்மையில் அவளைக் கவிழ்த்தது ரெய்னோ, அதுவும் எதையும் கேட்காமலே. கடையின் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து மழைக்கோட்டை மாட்டிக்கொண்டான்.

"பரவால்ல விடு," என்றான். "அடுத்த வருஷம் தின்னா ஆகாதா? ரொட்டி எங்க ஓடிடப் போகுது."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான். போன வருஷம் அந்தப் படிகளில் அவன் எதையும் பிடிக்கவில்லை. ஐலி அதைப் பார்த்தாள். அடுத்த வருஷம் என்று அவன் சொன்னதை அவனே நம்பவில்லை என்பது முதுகிலிருந்தே தெரிந்தது.

அவள் படகை எடுத்துக்கொண்டு பழைய மீன் ஆலைக்குப் போனாள். அங்கே எடுக்க வேண்டியது ஆறு. ஏழாவது நண்டைப் பிடித்தபோது அதைத் தண்ணீரில் விடக் கையை நீட்டினாள். விடவில்லை. பன்னிரண்டு பிடித்தாள். ஆறை ஒரு பெட்டியில் வைத்து மீன் ஆலை என்று எழுதினாள். மற்ற ஆறை இன்னொரு பெட்டியில் வைத்து, கல்தடுப்பு முனை, மத்தியானம் இரண்டு பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் பிற்பாடு அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். அவளுக்கு நன்றாகவே நுழைந்தது.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. சுத்தம். ஆர்வில் அறிவிப்பைக் கிழித்தபோது பாலத்தில் கைதட்டினார்கள்.

சனிக்கிழமை வானம் வெளுத்திருந்தது, கடலும் அடங்கியிருந்தது. விடியும்போதே வண்டிகள் வந்துவிட்டன. சின்னப் படகு வைத்திருந்தவர்கள் கல்தடுப்பு முனைவரை போய் வலை போட்டார்கள். பெரிய நண்டு எப்போதும் அங்கேதான். பத்து மணிக்கு முதல் கூடை வந்தது. அண்டா கொதித்தது. ரெய்னோ ஞாயிற்றுக்கிழமைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். யாரோ அவன் மடியில் துண்டு விரித்தார்கள்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கியே!" என்றான் ஆர்வில்.

"பொண்ணு வெந்துட்டாளா?" என்றான் ரெய்னோ.

ஆர்வில் ஓட்டைத் திறந்து ஐலியிடம் நீட்டினான். ரெய்னோ வீட்டு ஆள் அவள்தான். மஞ்சளாக, கெட்டியாக, ஓடு நிறைய இருந்தது. அந்த நண்டு எங்கே பிடித்தது என்று அவளுக்குத் தெரியும்; படகு வந்ததைப் பார்த்திருந்தாள். கரண்டியால் வழித்தாள். வேண்டாம் ரெய்னோ, சதையை மட்டும் தின்னு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஏன் என்று அறுபது பேர் கேட்பார்கள். நீதானே சோதனைக்கு அனுப்பினாய் என்பார்கள். ஒரு வாரத்தில் என்ன மாறியிருக்கப் போகிறது என்று ஆர்வில் சொன்னதையே தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ரொட்டியில் தடவினாள், ஓரம் வரைக்கும், அவனுக்குப் பிடித்த மாதிரி கனமாக. கையில் கொடுத்தாள்.

அவன் கடித்தான். கண்ணை மூடி மென்றான். கண்ணைத் திறந்தபோது ஈரமாக இருந்தது.

"அந்தக் கிழவி ஒன்பது வருஷம் இந்த ருசியத் தனியா அனுபவிச்சு எங்களையெல்லாம் ஏமாத்தியிருக்கா," என்றான். "சரி, தின்னுங்க."

மூன்று மணிக்கு வாந்தி தொடங்கியது. நிறையத் தின்றுவிட்டான், வயசுக்குத் தக்கபடி தின்ன வேண்டாமா என்று சிரித்தார்கள். நான்கு மணிக்கு ஐலியின் பெயர் அவனுக்கு வரவில்லை. அவளை அம்மா என்று கூப்பிட்டான். பிறகு வலிப்பு வந்தது. ஒன்றரை மணிநேர தூரத்து ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் போனபோது அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கழுத்துப்பட்டியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். பாலத்தில் இன்னும் இரண்டு பேருக்கு வயிறு புரட்டியது; அவர்கள் மறுநாள் எழுந்துவிட்டார்கள். முழு ஓட்டு வெண்ணெயையும் தின்றது ரெய்னோ ஒருவன்தான். கெட்ட சிறுநீரகம் உள்ளவர் உடம்பிலிருந்து அந்த விஷம் சீக்கிரம் வெளியேறாது என்று மருத்துவர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மருத்துவமனை நடையில் ஐலியின் கைபேசி அடித்தது. சோதனைக்கூடத்திலிருந்து மாரிபெல். ஐந்து வருஷமாகக் குரலில் மட்டும் பழக்கம்.

"ஐலி, உங்க அண்ணன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தமா இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல. கல்தடுப்புன்னு நீங்க அனுப்பின நண்டு அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. நண்டுக்கு நண்டு மாறும்தான், ஆனா இவ்வளவா? எங்க கருவியில ஏதாவது கோளாறான்னு எல்லாத்தையும் திரும்ப ஓட்டிட்டு இருக்கோம்."

ஐலி பேசாமல் இருந்திருக்கலாம். நண்டுக்கு நண்டு மாறும் என்று அந்தப் பெண்ணே வழி விட்டிருந்தாள். ஒருவருக்கும் தெரிந்திருக்காது, இன்று வரைக்கும். ஆனால் முந்தின நாள் பாலத்திலிருந்து எத்தனை கூடை நண்டு வீடுகளுக்குப் போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நன்றி நாள் விருந்துக்கென்று குளிர்பெட்டிகளில் முழுசாக இருக்கின்றன.

"உங்க கருவி சரியாத்தான் இருக்கு," என்றாள். "அது கல்தடுப்பு நண்டு இல்ல. பன்னெண்டும் மீன் ஆலையில பிடிச்சது. சீட்ட நான்தான் அப்படி எழுதினேன். உடனே மூடுங்க. யாரும் தின்ன வேண்டாம்னு ரேடியோவுல சொல்லுங்க. இப்பவே."

அந்தப் பக்கம் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி," என்றாள் மாரிபெல், வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி.

ஒரு மணிநேரத்துக்குள் பருவம் மூடப்பட்டது. ஊரில் குப்பைத்தொட்டிகள் நண்டால் நிறைந்தன. வேலை போனது, அபராதம் வந்தது, அதெல்லாம் நியாயம். தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த வரிசை காலியாகவே இருந்தது. கடைக்குப் போனபோது ஆர்வில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் உன்ன பொய் எழுதவா சொன்னேன்?" என்றான். "சொல்லு ஐலி. சொன்னேனா?"

"சொல்லல."

"ஊரு என்னைத்தான் பேசுது."

"நான் எல்லார்கிட்டயும் சொல்றேன், நீ சொல்லலைன்னு."

சொன்னாள், வீடு வீடாக. சிலர் கதவைத் திறந்தார்கள்.

டிசம்பரில் ரெய்னோ அவள் வீட்டுக்கு வந்தான். நடந்தான், தின்றான், கேலி பேசினான், அறுபது வருஷத்துக்கு முன்னால் மர ஆலையில் யாருடன் சண்டை போட்டான் என்று தேதியோடு சொன்னான். புதிதாக எதையும் பிடித்து வைக்கும் இடம்தான் மூளையில் பழுதாகிவிட்டது. ஒரு கால்மணி நேரம் நிற்கும். பிறகு அழித்த பலகை. ஆஸ்பத்திரி அவனுக்கு ஞாபகம் இல்லை. அந்தச் சனிக்கிழமை ஞாபகம் இல்லை. ஒன்பது வருஷம் காத்திருந்து தின்ற ரொட்டியும் ஞாபகம் இல்லை.

அதனால் ஒவ்வொரு நாளும் கேட்டான்.

"ஐலி, எனக்கு என்னதான் ஆச்சு?"

"நண்டுல விஷம். தின்னுட்டே."

"சோதனை பண்றது நீதானே? உன்கிட்டத் தப்பிச்சா வந்துச்சு?"

ஊருக்கெல்லாம் சொன்னவளால் இவனிடம் சொல்ல முடியவில்லை. "தப்பிச்சிடுச்சு," என்பாள், அல்லது அடுப்பைப் பார்க்க எழுந்து போவாள். பொய் சொல்லுகிறவனுக்கு எதிராளியின் ஞாபகசக்திதான் எமன். அவளுக்கு அந்தப் பயம்கூட இல்லை. கால்மணி நேரம் பொறுத்தால் பொய்யும் இல்லை, கேள்வியும் இல்லை. மறுநாள் காலை எல்லாம் புதுசு. அப்படி ஆறு வாரம் ஓட்டினாள். அவனுக்கு உண்டான கெடுதலையே தனக்குப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு திரிகிறோம் என்று ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது உறைத்தது. கையிலிருந்த தட்டை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு அவன் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். புயல், பன்னிரண்டு நண்டு, சீட்டு, கரண்டி, வேண்டாம் என்று சொல்ல வந்து விழுங்கியது. எதையும் விடவில்லை.

ரெய்னோவின் முகம் அவள் எழுபது வருஷத்தில் பார்க்காத முகமாக மாறியது.

"எனக்காகவா?" என்றான். "எனக்காகன்னு சொல்லாதே. நான் கேட்டேனா உன்ன? கையில கொடுக்கும்போது தெரியுமில்ல உனக்கு? தெரிஞ்சுதானே கொடுத்தே?"

"தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"போ. என் கண்ணு முன்னால நிக்காத."

அவள் பின்புறம் போய் மழையில் நின்றாள். கோட்டுகூட எடுக்கவில்லை. அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு உரியதுதான், அதைச் சொல்ல உரிமை உள்ளவனும் அவன் ஒருவன்தான். நின்று வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். குளிர் எலும்பில் ஏறியபோது உள்ளே வந்தாள். ரெய்னோ தலையைத் தூக்கிச் சிரித்தான்.

"எங்கடி போயிருந்தே? நல்லா நனைஞ்சுட்டியே. துண்டு எடுத்துட்டு வரட்டா?"

அந்தச் சிரிப்பைத் தாங்கியது மாதிரி கஷ்டம் அவள் வாழ்க்கையில் வேறு இல்லை. கோபம் போய்விட்டது, ஆனால் மறந்ததால் போனது, அவன் மன்னித்ததால் போகவில்லை. அவளுக்குத் தண்டனையும் நிற்கவில்லை, மன்னிப்பும் நிற்கவில்லை.

பிப்ரவரியில், அவன் ஞாபகத்துக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தாள். தெரிந்திருக்க வேண்டியதை அவனே தன் கையால் எழுத வேண்டும், காலையில் எழுந்ததும் படிக்க வேண்டும். தன் கையெழுத்தை மனிதன் நம்புவான் என்றாள். ரெய்னோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மருந்து நீலப் பெட்டியில். ஹில்மா செத்துவிட்டாள். நான் ஐலி வீட்டில் இருக்கிறேன், என் வீடு பூட்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு வரி, இரண்டு வரி.

அந்த நோட்டைப் பார்க்கப் பார்க்க ஐலிக்கு ஒரே யோசனை. இதில் அது ஏற வேண்டுமா? ஏறினால் ஒவ்வொரு காலையும் அவன் காப்பிக்கு முன்னால் அதைப் படிப்பான். ஒவ்வொரு காலையும் அன்றுதான் நடந்த மாதிரி தங்கை தன்னை ஏமாற்றியது தெரியவரும். ஏறாவிட்டால் அவன் சாகும்வரை அவள் ஒளிந்துகொண்டிருப்பாள். நான்கு நாள் யோசித்தாள். முடிவு செய்ய வேண்டியவள் தான் இல்லை என்று கடைசியில்தான் தோன்றியது. போன தடவையும் அவனுக்காக அவளே முடிவு செய்ததால் வந்த வினைதான் இது.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நோட்டையும் பேனாவையும் அவன் முன்னால் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள், முதலில் சொன்னது மாதிரியே, ஒன்றையும் விடாமல். இந்த முறை அவன் கத்தவில்லை. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"இதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லியிருக்கியா?"

"ஒரு தடவ."

"நான் என்ன சொன்னேன்?"

"கண்ணு முன்னால நிக்காதேன்னு சொன்னே."

"சரியாத்தான் சொல்லியிருக்கேன்." மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்தான். "அப்புறம்?"

"அப்புறம் மறந்துட்டே. துண்டு எடுத்துட்டு வரவான்னு கேட்டே."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மெலிந்திருந்தாள். கழுத்து எலும்பு தெரிந்தது. அதை அன்றுதான் கவனித்தான் என்று சொல்ல வேண்டும். எதையுமே அவன் அன்றுதான் கவனிப்பான்.

"இத எழுதணுமான்னு நீதான் சொல்லணும்," என்றாள் ஐலி. "எழுதினா தினமும் தெரியும் உனக்கு. எனக்கு அது சரிதான். நான் சொன்னத அப்படியே எழுதிக்கோ. இல்ல வேற எப்படி வேணுமோ எழுதிக்கோ. மறந்து போறதுக்குள்ள."

"நீ அந்தப் பக்கம் போ. தோளுக்கு மேல நின்னு எட்டிப் பார்க்காத."

அவள் சமையலறைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள். பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. நின்றது, மறுபடி ஓடியது. நோட்டு மூடும் சத்தம் கேட்டது. அவள் போய்ப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் அவன் ஹில்மாவைப் பற்றி ஒரு பழைய கதை சொன்னான். அவளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே.

காலையில் அவன் எழுந்து வந்து மேஜையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தான். அவள் எதிரில் நின்றாள். வரிவரியாக விரலை வைத்துக்கொண்டு படித்தான். மருந்து. ஹில்மா. வீடு. கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. இரண்டு முறை படித்தான். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கேட்கப் போகிறான், மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

அவன் நோட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினான். கோணல்மாணலான எழுத்து, மர ஆலையில் பலகைக்குக் குறியிட்ட அதே கையெழுத்து.

ஐலி எனக்கு ஒரு கெடுதல் செய்தாள். எல்லாம் சொல்லிவிட்டாள். நான் கேட்டாகிவிட்டது. திரும்ப அவளைக் கேட்காதே.

"என் எழுத்துதானே?" என்றான் ரெய்னோ.

"உன்னோடதுதான்."

"பெரிய கெடுதலா?"

"ஆமா."

அவன் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அந்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்தான். கேட்க வேண்டும் என்று அவனுக்கு எவ்வளவு ஆசை என்பது அந்தக் கையிலேயே தெரிந்தது. உதடு இரண்டு முறை அசைந்தது.

"சரி," என்றான். "கேக்க மாட்டேன். காப்பி போடு."

ஐலி அடுப்புப் பக்கம் திரும்பிக் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். அது நிரம்பி வழிந்து தரையில் ஓடியது. அவள் குழாயை மூடாமல், அவனுக்குக் கேட்கும்படியே, அழுதாள்.